ஒரு குப்பி சிறுநீரும் இதயமும்: சிங்கப்பூரின் உடற்பரிசோதனைகள் பற்றி ஒரு மதிப்பீடு

இதயத்துக்கென்று விற்கப்படும் பரிசோதனைகளில் சிறுநீருக்கு மரியாதை குறைவு. ஈசிஜி உண்டு, டிரெட்மில் உண்டு, கொழுப்பை நான்காகப் பிரித்துக் காட்டும் தாளும் உண்டு. வயதானவரின் இதயம் அடுத்த பத்தாண்டில் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லக்கூடிய சோதனைகளில் மிகச் சல்லிசானது ஒன்று உண்டு: காலைச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற தசைக்கழிவுக்கும் உள்ள விகிதம். அதுதான் பெரும்பாலும் பட்டியலில் விட்டுப்போகிறது.

சிங்கப்பூரில் நாற்பதைத் தாண்டியவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள மூன்று வாசல்கள் இருக்கின்றன. பக்கத்துப் புளோக்கின் கீழே இருக்கும் குடும்ப மருந்தகத்தில் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டத்தின் பரிசோதனை, அரசின் பலதுறை மருந்தகத்தில் தொடர் கவனிப்பு, கடைத்தொகுதிகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் விற்கப்படும் பேக்கேஜ்கள். இந்த மூன்றையும் ஒரே அளவுகோலால் இங்கே அளக்கிறோம். ஈஜிஎஃப்ஆர் (ரத்தத்திலுள்ள கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் வடிகட்டும் திறன்), யூஏசிஆர் (மேலே சொன்ன சிறுநீர் விகிதம்) என்ற இரண்டு எண்களும் கையில் வருகின்றனவா? வந்தால், அவற்றை இதயத்தின் எண்களாகவும் யாராவது படித்துச் சொல்கிறார்களா? நாற்காலி சொகுசாக இருந்ததா, காப்பி கொடுத்தார்களா என்பதெல்லாம் இதில் சேராது.

சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடலாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் மெல்லிய ரத்தக்குழாய்களால் ஆன ஒரு முடிச்சு. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவம் அவற்றில் வடிகிறது. ரத்தக்குழாயின் உள்தோல் நலிந்துபோனால் ஆல்புமின் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. அந்த உள்தோல்தான் இதயத்தின் குழாய்களிலும் மூளையின் குழாய்களிலும் இருக்கிறது. அங்கே கசிவதைப் பார்க்க வழியில்லை, இங்கே மட்டும்தான் குப்பியில் பிடிக்க முடிகிறது. வடிகட்டும் திறன் குறையும்போது வேறு தொல்லைகளும் சேர்கின்றன. உப்பும் நீரும் தங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது, இடது இதய அறையின் சுவர் தடிக்கிறது, பாஸ்பரஸ் கணக்குத் தவறி ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிகிறது, ரத்தசோகை வருகிறது.

கலிஃபோர்னியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. ஈஜிஎஃப்ஆர் 60க்கு மேல் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், 45 முதல் 59 வரை இருந்தவர்களுக்கு இதயநாள நிகழ்வுகள் 1.4 மடங்கு, 30 முதல் 44 வரை 2 மடங்கு, 15 முதல் 29 வரை 2.8 மடங்கு, அதற்கும் கீழே 3.4 மடங்கு. வயது, சர்க்கரை, முந்தைய இதயநோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. ‘கிட்னி’ என்றதும் நம்மவர்களுக்கு டயாலிசிஸ் நாற்காலிதான் கண்முன் வருகிறது. மூன்றாம் நிலைச் சிறுநீரக நோயோடு (ஈஜிஎஃப்ஆர் 30 முதல் 59 வரை) இருக்கும் பெரும்பாலான முதியவர்கள் அந்த நாற்காலிவரை போவதே இல்லை. அதற்கு முன்பே இதயம் அவர்களில் பலரைக் கொண்டுபோய்விடுகிறது.

இங்கே இன்னொன்றும் உண்டு. இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் மாரடைப்பு விகிதம் சீனர்களைவிட அதிகம் என்பதைச் சிங்கப்பூரின் பதிவேடுகளே காட்டுகின்றன. ஆகவே இந்த இரண்டு எண்களும் நமக்கு உபரிச் சேதி அல்ல.

முதல் வாசல்: ஹெல்தியர் எஸ்ஜி

2023 ஜூலையில் தொடங்கிய திட்டம். ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொண்ட சிங்கப்பூரர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. பதிவு செய்யாதவர்களுக்கு ஸ்கிரீன் ஃபார் லைஃப் என்ற தேசியப் பரிசோதனைத் திட்டம் வழியாக ஐந்து வெள்ளி, நீல அல்லது ஆரஞ்சு சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்ட) அட்டை இருந்தால் இரண்டு வெள்ளி. இந்த விலைக்கு இவ்வளவு கிடைப்பதைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் பட்டியலைப் பாருங்கள்: எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பப் புற்றுநோய்ச் சோதனைகள். எல்லாருக்குமான இந்த அடிப்படைப் பட்டியலில் சிறுநீரகத்துக்கென்று ஒரு சோதனை இல்லை. ஐம்பது வயதானால் மலத்தை எடுத்துத் தரக் குச்சியும் குழாயும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள், சிறுநீருக்கு ஒரு குப்பி கிடையாது.

இதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. நோய் அறிகுறியோ ஆபத்துக் காரணமோ இல்லாத எல்லாருக்கும் சிறுநீரகச் சோதனை செய்வதால் எவ்வளவு பலன் என்பதில் உலகம் முழுவதும் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயநோய், குடும்பத்தில் சிறுநீரக நோய் என்று ஏதாவது ஒன்று இருந்தால் சோதிக்க வேண்டும் என்பதில் மட்டும் சர்ச்சை இல்லை. அறுபதைத் தாண்டிய எத்தனை பேருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கும்?

ஆகவே இந்த வாசலில் செய்ய வேண்டியது ஒன்றுதான், வாய் திறந்து கேட்பது. எப்படியும் கையில் ஊசி குத்தப்போகிறார்கள், அதே ரத்தத்தில் கிரியாட்டினினையும் பார்த்துவிடலாம். “டாக்டர், ரீனல் பேனலும் யூரின் ஏசிஆரும் சேர்த்து எழுதித் தர முடியுமா?” என்று கேட்டால் போதும். முன்னது சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனைத் தொகுப்பு, பின்னது யூஏசிஆர்தான். கட்டணமில்லாப் பட்டியலுக்கு வெளியே என்பதால் காசு கேட்கலாம், எவ்வளவு என்று ரத்தம் எடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ பதிவில் இருந்தால் அது நாட்பட்ட நோய்க் கவனிப்பின் கீழ் வந்துவிடும், சாஸ் மானியமும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பும் உதவும். முதல் சந்திப்பில் உடற்பயிற்சி, தடுப்பூசி, உணவு என்று பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. சிறுநீரகம் பற்றிய பேச்சை நீங்கள் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள்.

பலதுறை மருந்தகம்: மூன்றில் இதுதான் தேவலை

சர்க்கரை நோயாளிகளுக்குப் பலதுறை மருந்தகம் ஆண்டுக்கொருமுறை செய்யும் சுற்றில் கண்படம், பாதச் சோதனை, ரத்தம், சிறுநீர் எல்லாம் வருகின்றன. யூஏசிஆரை நோயாளி கேட்காமலேயே எடுப்பது இங்கேதான். 2017இல் தொடங்கிய ஹால்ட்-சிகேடி திட்டத்தின் நோக்கமே நாட்பட்ட சிறுநீரக நோயைப் பலதுறை மருந்தகங்களில் முன்கூட்டியே பிடித்து, மருந்தைச் சரியான அளவுக்குக் கொண்டுபோய், கீழிறங்கும் வேகத்தைக் குறைப்பதுதான். எண்கள் வரிசையாகச் சேர்கின்றன, சிங்பாஸ் அடையாளத்தோடு ஹெல்த்ஹப் என்ற அரசின் மருத்துவப் பதிவுத் தளத்தில் திறந்து பார்க்கலாம். ஓர் எண்ணைவிட ஐந்தாண்டு எண்கள் பலமடங்கு பேசும், அந்த வரிசையைத் தரும் இடம் இது.

குறை வேறிடத்தில். ஆலோசனை அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் முதலில் பேசப்படுவது சில மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி. அடுத்தது கெட்ட கொழுப்பான எல்டிஎல். “கிட்னி கொஞ்சம் லீக் ஆகுது, மருந்தைக் கூட்டியிருக்கேன்” என்பதோடு சிறுநீரகப் பேச்சு முடிகிறது. அந்தக் கசிவு மாரடைப்புக்கும் இதயச் செயலிழப்புக்குமான எச்சரிக்கை என்பது நோயாளியின் காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்திருந்தால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை ‘எனக்குத்தான் கொலஸ்ட்ரால் நார்மல் ஆச்சே’ என்று பாதியில் நிறுத்துபவர்கள் குறைந்திருப்பார்கள். சிறுநீரகம் நலிந்தவருக்கு ஸ்டாட்டின் எழுதுவது எல்டிஎல் எண்ணுக்காக மட்டும் அல்ல. ஐம்பது வயதைக் கடந்து நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தாலே அதைத் தொடங்கச் சொல்கிறது கேடிகோ என்ற பன்னாட்டு வழிகாட்டி.

தனியார் பேக்கேஜ்: தாள் நிறைய, தகவல் குறைய

வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிப்படியாக ஏறும் பேக்கேஜ்களில் பெரும்பாலானவற்றில் ரீனல் பேனல் இருக்கும்: யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கூடவே யூரிக் ஆசிட். சிறுநீருக்கு யூஎஃப்இஎம்இ என்ற பொதுச் சோதனை இருக்கும். படி ஏற ஏறப் புற்றுநோய்க் குறியீடுகளும் வயிற்று ஸ்கேனும் சேரும். யூஏசிஆர் மட்டும் பல பேக்கேஜ்களில் எந்தப் படியிலும் இருக்காது, இருந்தாலும் ‘சர்க்கரை நோயாளிகளுக்கான கூடுதல் சேர்க்கை’ என்று தனியாக நிற்கும்.

யூஎஃப்இஎம்இயில் ‘புரோட்டீன்: நெகட்டிவ்’ என்று வந்தால் கசிவே இல்லை என்று எடுத்துக்கொள்வது இங்கே நடக்கும் பெரிய தவறு. அது நிறம் மாறும் பட்டையை முக்கிப் பார்ப்பது. ஆல்புமின் கணிசமாக ஏறிய பிறகுதான் பட்டை நிறம் மாறும், இதய ஆபத்து ஏறத் தொடங்கும் ஆரம்பக் கசிவு அதற்குத் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு, வெறும் வயிற்றில் வரச் சொன்னார்களே என்று இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவரின் சிறுநீர் நீர்த்திருக்கும், இருந்த கொஞ்சமும் மறைந்துவிடும். ஏசிஆர் கிரியாட்டினினோடு வகுத்துச் சொல்வதால் நீர்த்த சிறுநீரிலும் கெட்டியான சிறுநீரிலும் ஏறத்தாழ ஒரே விடை தரும்.

ஸ்கேனுக்கும் ஒரு சொல். அது கல்லைக் காட்டும், அடைப்பைக் காட்டும், சிறுநீரகத்தின் அளவைக் காட்டும், வடிகட்டிகளின் நலனைக் காட்டாது. ஆண்டுக்கணக்கில் ஆல்புமின் கசியும் சிறுநீரகம் ஸ்கேனில் லட்சணமாக இருக்கலாம். வயதானவர்களுக்குச் சாதாரணமாக வரும் நீர்க்கட்டிகளைக் கண்டு பயந்து அடுத்த ஸ்கேனுக்கு ஓடுவதுதான் அதிகம் நடக்கிறது. பிளாட்டினத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் யூஏசிஆரைப் பல ஆண்டுக்குச் செய்துகொள்ளலாம். கீழ்ப்படி பேக்கேஜை எடுத்து, யூஏசிஆரைத் தனியாகச் சேர்க்கச் சொல்வதே எங்கள் பரிந்துரை. மறுத்தால், அதே ரத்த முடிவோடு குடும்ப மருத்துவரிடம் போய்ச் சிறுநீரை மட்டும் அங்கே கொடுங்கள்.

மாதிரி கொடுப்பதில் நடக்கும் கோளாறுகள்

சோதனைக்கூடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மாதிரி தப்பாக இருந்தால் எண் தப்புதான். சிறுநீர், காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீராக இருந்தால் நல்லது. தொடக்கத்தைக் கழிவறையில் விட்டு, நடுப்பகுதியைக் குப்பியில் பிடிக்க வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, மிகையாக ஏறிய சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் இருக்கும் நாளில் கொடுக்கக் கூடாது. முந்தைய 24 மணி நேரத்தில் கடுமையான உடலுழைப்பும் கூடாது, ஆல்புமின் தற்காலிகமாக ஏறிவிடும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி சுமந்தவர் மறுநாள் காலை குப்பியோடு போனால், அவருடைய எண் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ரத்தத்துக்கு வருவோம். முதல் நாள் இரவு மட்டன் பிரியாணியோ சூப் துலாங்கோ சாப்பிட்டால் சமைத்த இறைச்சியிலுள்ள கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும், ஈஜிஎஃப்ஆர் இறங்கியதுபோல் காட்டும். 12 மணி நேரம் இறைச்சியைத் தள்ளி வையுங்கள். சாப்பிடாமல் வா என்றால் தண்ணீரும் குடிக்காதே என்று அர்த்தம் அல்ல. விரதம் இருப்பதுபோல் நாக்கு வறளப் போனால் யூரியாவும் கிரியாட்டினினும் ஏறும். உடற்பயிற்சிக்கூடத்தில் கிரியாட்டின் பொடி சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டிரைமெத்தோபிரிம் சேர்ந்த ஆன்டிபயாடிக்கும் கொழுப்புக்குத் தரும் ஃபீனோஃபைப்ரேட்டும் வடிகட்டலைக் கெடுக்காமலேயே கிரியாட்டினினை ஏற்றிக் காட்டும்.

தாளைப் படிக்கும்போது

கிரியாட்டினினை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று கையெழுத்திடுவது முதியவர்களுக்கு நியாயம் செய்யாது. இங்குள்ள சோதனைக்கூடங்கள் தரும் அலகில் 95 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயது ஆணுக்கு, 2021ஆம் ஆண்டின் சிகேடி-எப்பி சூத்திரத்தில் போட்டால் ஈஜிஎஃப்ஆர் சுமார் 89. எழுபது வயதுப் பெண்ணுக்கு அதே 95 சுமார் 56 ஆகிவிடும். ஒருவருக்குக் கவலை இல்லை, இன்னொருவர் மூன்றாம் நிலையின் வாசலைத் தாண்டிவிட்டார். தாளில் ஈஜிஎஃப்ஆர் அச்சிடப்படவில்லை என்றால் வயதையும் பாலினத்தையும் சொல்லிக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. வயதாகித் தசை வற்றி, எலும்பும் தோலுமாக இருப்பவருக்குக் கிரியாட்டினின் இயல்பாகவே குறைவு, ஈஜிஎஃப்ஆர் பொய்யாக உயர்ந்து நிற்கும். வீட்டில் இருக்கும் மெலிந்த பாட்டிக்கு ‘80, ரொம்ப நல்லா இருக்கு’ என்று வந்தால் நம்பிவிட வேண்டாம். சிஸ்டாட்டின் சி என்ற மற்றொரு ரத்தச் சோதனை தசையைச் சார்ந்தது அல்ல. 2005இல் அமெரிக்க முதியவர்கள் 4,637 பேரை வைத்து வெளியான ஆய்வில், இறப்பையும் இதயநாள நிகழ்வுகளையும் முன்கூட்டிச் சொல்வதில் அது கிரியாட்டினினைவிடத் தெளிவாக முந்தியது. துல்லியம் தேவைப்படும்போது இரண்டையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது 2024ஆம் ஆண்டுக் கேடிகோ வழிகாட்டி. தைராய்டுக் கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, புகைப்பழக்கம், உடல்பருமன் ஆகியவை சிஸ்டாட்டினையும் அசைக்கும் என்பதால் அதையும் கண்மூடித்தனமாக எடுத்துக்கொள்ள முடியாது. எல்லாருக்கும் தேவை இல்லை. மெலிந்த முதியவருக்கும், ஈஜிஎஃப்ஆர் 45 முதல் 59 வரை இருந்து சிறுநீரில் கசிவே இல்லாதவருக்கும் கேட்டு வாங்கத் தகுந்தது.

இரண்டாவது வகையினரைப் பற்றித்தான் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை. நாற்பதுக்குப் பிறகு வடிகட்டும் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்குவது வயதின் இயல்பு, 78 வயதில் 54 என்பதை நோய் என்று ஏன் முத்திரை குத்த வேண்டும் என்பது ஒரு கட்சி. எந்த வயதானாலும் 60க்குக் கீழே இறப்பும் இதயநோயும் கூடுகின்றனவே என்பது மறுகட்சி. முதியவர்களிடம் ‘எத்தனை மடங்கு’ என்ற கணக்கு இளையவர்களைவிடக் குறைவு. ஆனால் அடிப்படை ஆபத்தே அவர்களுக்கு உயரமாக இருப்பதால், நூறு பேரில் கூடுதலாகப் பாதிக்கப்படுவோர் எத்தனை பேர் என்று எண்ணினால் அவர்களிடம்தான் அதிகம். எங்கள் கட்சியைக் கேட்டால்: கசிவில்லாத, ஆண்டுக்காண்டு அசையாத 54 பயப்பட வேண்டிய எண் அல்ல. கசிவோடு வரும் 75 பயப்பட வேண்டிய எண்.

யூஏசிஆர் எண்ணில் அலகைப் பாருங்கள், இது சாதாரண விஷயம் இல்லை. சில சோதனைக்கூடங்கள் மி.கி./மில்லிமோல் என்று தரும், சில மி.கி./கிராம் என்று தரும். முன்னதில் 3க்குக் கீழே இயல்பு, 3 முதல் 30 வரை நடுத்தரக் கசிவு, 30க்கு மேல் கடுமையானது. பின்னதில் அதே எல்லைகள் 30, 300. ‘28’ என்று ஓர் எண் வந்தால் ஓர் அலகில் அது இயல்பு, இன்னோர் அலகில் கடுமையான கசிவின் விளிம்பு. தொலைபேசியில் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு நிம்மதியாகிவிடக் கூடாது. இயல்பு என்ற எல்லையும் ஒரு வசதிக்காகப் போட்ட கோடுதான். கிராமுக்குப் பத்து மில்லிகிராமைத் தாண்டும்போதே ஆபத்து மெல்ல ஏறத் தொடங்குகிறது.

ஒருமுறை ஏறியிருந்தால் உடனே நோய் என்று முடிவு கட்டவும் கூடாது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூன்று மாதிரிகள் கொடுத்து இரண்டில் ஏறியிருந்தால்தான் கசிவு உறுதி. ஈஜிஎஃப்ஆரும் அப்படியே, குறைந்தது மூன்று மாதம் நீடித்தால்தான் ‘நாட்பட்ட’ என்ற அடைமொழி. தனியார் மையங்களின் பெரிய பலவீனம் இங்கேதான். ஆண்டுக்கொருமுறை வாங்குகிற பேக்கேஜில் மூன்றாம் மாதச் சோதனைக்கு வழியில்லை. ஏறிய எண்ணோடு ‘மருத்துவரைப் பார்க்கவும்’ என்ற ஒரு வரி மட்டும் தாளில் இருக்கும்.

இரண்டு எண்களும் கிடைத்த பிறகு இதயத்துக்கு என்ன அர்த்தம் என்பதற்கு நேரான கணக்கு ஒன்று உண்டு. ஆனால் இதய ஆபத்தைக் கணிக்க இங்கே வழக்கமாகப் போடும், சிங்கப்பூருக்கென மாற்றியமைத்த ஃப்ரேமிங்காம் மதிப்பெண் வயது, பாலினம், இனம், கொழுப்பு, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறது. ஈஜிஎஃப்ஆருக்கோ ஆல்புமினுக்கோ அதில் புள்ளி இல்லை. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2021 வழிகாட்டி, ஈஜிஎஃப்ஆர் 30 முதல் 44 வரை இருந்து கசிவு இல்லையென்றால் ‘உயர் ஆபத்து’ என்கிறது. அதோடு கிராமுக்கு 30 மி.கி.க்கு மேல் கசிவும் சேர்ந்தாலோ, ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனாலோ ‘மிக உயர் ஆபத்து’, அதாவது ஏற்கெனவே மாரடைப்பு வந்தவரோடு ஒரே வரிசை. அமெரிக்க இதயக் கழகம் 2023இல் வெளியிட்ட பிரிவென்ட் கணக்கி ஈஜிஎஃப்ஆரை அடிப்படையிலேயே சேர்த்துக்கொள்கிறது, யூஏசிஆரை விருப்பப்பட்டால் சேர்க்கலாம். 30 முதல் 79 வயது வரை பொருந்தும், இதயச் செயலிழப்பையும் தனியாகச் சொல்லும், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். அமெரிக்க மக்களை வைத்துச் செய்தது, ஆகவே வரும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். யூஏசிஆர் போடாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை என்று இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வித்தியாசத்தைத்தான் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மருந்துப் பையும் உப்புப் புட்டியும்

எண்கள் கெட்டிருந்தால் வரும் மருந்துகள் பெரும்பாலும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் ஒருசேரக் காப்பவை. ‘பிரில்’, ‘சார்டன்’ என்று முடியும் ரத்த அழுத்த மாத்திரைகள், ஸ்டாட்டின், சர்க்கரைக்காக வந்து சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் உதவும் என்று 2020இலும் 2022இலும் வெளியான பெரிய ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்ட டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். இவற்றில் ஸ்டாட்டினைத் தவிர மற்றவற்றைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் ஈஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும். வடிகட்டியின் உள்ளழுத்தம் குறைவதால் வரும் இறக்கம் அது. ரத்த அழுத்த மாத்திரை தொடங்கிய நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினின் 30 சதவீதம்வரை ஏறினாலும் பொதுவாகத் தொடரலாம் என்பதுதான் வழிகாட்டி. ஹெல்த்ஹப்பில் எண்ணைப் பார்த்துவிட்டுத் தாமாகவே மாத்திரையை நிறுத்துபவர்களால்தான் பாதிக் குழப்பம். வாந்தி பேதி வந்து ஒன்றும் உள்ளே இறங்காத நாட்களில் மட்டும் இவற்றில் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். எவற்றை, எத்தனை நாள் என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வரும் பெட்டியில் முறுக்கோடு வலிமாத்திரை அட்டைகளும் வருவது இங்கே பல வீடுகளில் வழக்கம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட் எல்லாம் ஒரே குடும்பம். ‘பிரில்’ அல்லது ‘சார்டன்’ ஒன்று, நீர் பிரியும் மாத்திரை ஒன்று, அதன்மேல் முழங்கால் வலிக்கு இவற்றில் ஒன்று என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே படுத்துவிடலாம். இதயச் செயலிழப்பு இருப்பவருக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். பாரசிட்டமாலில் சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பற்பம், செந்தூரம் சாப்பிடுகிறவர்கள் அதையும் மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள், சிலவற்றில் பாதரசமும் ஈயமும் இருப்பதுண்டு.

உப்பைப் பற்றிய அறிவுரையில்தான் இங்கே ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. 2022இன் தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் சிங்கப்பூரர்களின் சராசரி சோடியம் நாளுக்கு 3,620 மி.கி., இருக்க வேண்டியது 2,000. அதனால் சோடியம் குறைந்த உப்பைச் சுகாதார மேம்பாட்டு வாரியம் ஊக்குவிக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது நல்லதே. ஆனால் அந்த உப்பில் சோடியத்தின் இடத்தை நிரப்புவது பொட்டாசியம். சிறுநீரகம் நலிந்தவரால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது, ‘பிரில்’, ‘சார்டன்’ மாத்திரைகளும் அதைப் பிடித்து வைக்கும், ஏறிய பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். அப்படிப்பட்டவர் வீட்டில் குழம்புக்குச் சாதாரண உப்பையே அளவு குறைத்துப் போடுவதுதான் சரி. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைத்தாலும் உப்பின் அளவு இறங்கும். புட்டியின் பின்பக்கத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தால், ரீனல் பேனலில் பொட்டாசியம் எண்ணைப் பார்த்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்.